யாத்திரிகர் தரும் பணம் யார் கையில் தங்குகிறது?

ஒரு புனிதத் தலத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஆண்டுக்கு எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்ற கணக்கே முதலில் சொல்லப்படுகிறது. வந்தவர்கள் செலவழித்த பணம் யார் கையில் தங்கியது என்று கேட்பவர் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

ஸ்பெயினின் சந்தியாகோ நகருக்குச் செல்லும் கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில், மலைமேல் உள்ள ஃபோன்செபதோன் என்ற சிற்றூர் 1990களில் ஏறக்குறைய ஆளரவமற்றுக் கிடந்தது. கூரை சரிந்த கல்வீடுகளுக்கு நடுவே நடந்து சென்றவர்களுக்காகத் தங்குமிடங்கள் திறக்கப்பட்டன. ஊர் மீண்டும் உயிர்பெற்றது. நடந்து செல்பவர் ஒரு நாளில் பொதுவாக 20, 25 கிலோமீட்டரே கடப்பதால், வழியிலுள்ள சிற்றூர்களில்தான் உண்டு உறங்கியாக வேண்டும். பேருந்தில் வந்திறங்கி அன்றே திரும்பும் கூட்டத்தால் இத்தகைய ஊர்களுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம்.

அதே பாதை முடியும் சந்தியாகோ நகரில் நிலைமை வேறு. 2024இல் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அங்கே யாத்திரைச் சான்றிதழ் பெற்றார்கள். பழைய நகரின் வீடுகள் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகப் போக, உள்ளூர்க் குடும்பங்களுக்கு வீடு கிடைப்பது கடினமாயிற்று. சொந்த வீடுள்ளவர் பிழைத்துக்கொள்கிறார். வாடகைக்கு இருப்பவர், அந்த யாத்திரிகர்களுக்கே பரிமாறும் பணியாளராக இருந்தாலும், நகரத்தின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறார். மெக்காவில் பெரிய பள்ளிவாசலை ஒட்டியிருந்த உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டையே விடுதிக் கோபுரங்களுக்காக 2002இல் இடிக்கப்பட்டது என்றால், சாதாரண வீடுகள் எம்மாத்திரம்?

பணக் கணக்கில் வராத இழப்பும் உண்டு. பிறந்தது முதல் தாம் வழிபட்ட இடத்துக்குள் நுழைய உள்ளூர் முதியவர் வெளியூர்க் கூட்டத்தின் பின்னே வரிசையில் நிற்க வேண்டியிருப்பதை எந்த வருவாய் ஈடுசெய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

பிரான்சின் லூர்து நகரம் 1858இல் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் மரியன்னை காட்சிகளுக்குப் பிறகு யாத்திரையை நம்பியே வளர்ந்தது. குளிர்காலத்தில் பெரும்பாலான விடுதிகள் மூடப்படுவதால், பணியாளர் பலருக்கு வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை மட்டுமே வேலை. எஞ்சிய மாதங்களைப் பெரும்பாலும் வேலையின்மை உதவித்தொகையைக் கொண்டு ஓட்ட வேண்டும். 2020 மார்ச்சில், அவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்பவிருந்த நேரத்தில், பெருந்தொற்றினால் திருத்தலத்தின் வாயிலே வரலாற்றில் முதல்முறையாக மூடப்பட்டது. குளிர்காலத்தைக் கடந்து வந்தவர்களின் காத்திருப்பு மேலும் நீண்டது.