எர்த் இல்லாத இடிதாங்கி

ஏற்காட்டில் லாட்ஜோ எஸ்டேட் பங்களாவோ கட்டுகிறவர்கள் இடிதாங்கி என்றதும் முனையைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். ஒற்றை முனையா, ஐந்து முனையா? முனையில் ஒன்றும் பெரிய சூட்சுமம் இல்லை. கூர்மையாக இருக்க வேண்டும் என்றார் பெஞ்சமின் பிராங்க்ளின். பிற்காலக் களச் சோதனைகளில் சற்று மழுங்கிய முனைகளில்தான் மின்னல் அதிகம் விழுந்தது. மின்னலைக் கீழே இறக்க 25க்கு 3 மில்லிமீட்டர் உலோகப் பட்டை, இறங்குவதற்குக் குறைந்தது இரண்டு வழி, அவ்வளவுதான். காசு போக வேண்டிய இடம் கீழே, மின்னலை மண்ணுக்குள் விடுகிற எர்த்தில்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற கடினமான பாறை. எர்த் கம்பியை அடித்தால் பல இடங்களில் இரண்டு மூன்று அடியிலேயே நின்றுவிடும். மிச்சத்தை அறுத்துவிட்டு, தலையை மட்டும் தொட்டிக்குள் தெரியவிட்டு, கரியும் உப்பும் கொட்டி மூடி போட்டுவிடுவார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் மூன்று மீட்டர் கம்பியும் முக்கால் மீட்டர் கம்பியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உப்பு மழையில் கரைந்து போகும். போகிறபோது பட்டையையும் அரித்துவிட்டுப் போகும். ஆழம் கிடைக்காத இடத்தில் அகலத்தில்தான் எடுக்க வேண்டும். கட்டடத்தைச் சுற்றி, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, அரை மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் பட்டையை வளையமாகப் புதைத்து, பெண்டோனைட் களிமண்ணால் மூட வேண்டும். எர்த்தின் மின்தடையை அளப்பது மார்ச்சில், கோடை மழைக்கு முன்னால், பட்டையை எர்த்தோடு சேர்க்கும் டெஸ்ட் ஜாயின்ட்டைக் கழற்றிவிட்டு. மழை பெய்த மறுநாள் சுமாரான எர்த்தும் நல்ல எர்த்தாகக் காட்டும்.

அந்த மின்தடை 10 ஓமுக்குள் வந்தால் போதும் என்பார்கள். சரி, 30,000 ஆம்பியர் மின்னல் அந்த 10 ஓமில் இறங்கினால் கணக்குக்கு 3 லட்சம் வோல்ட். அதனால்தான் இடிதாங்கிக்கு ஒரு எர்த், கட்டடத்துக்கு ஒரு எர்த் என்று பிரித்து வைக்கக் கூடாது. எலக்ட்ரீஷியன்களே இதற்குச் சண்டைக்கு வருவார்கள். பிரித்து வைத்தால் அந்த வோல்ட் சுவரோரம் ஓடும் வயருக்குத் தாவும். டிவியும் மோட்டாரும் போகும். இரண்டையும் இணைத்து, மெயின் போர்டில், திடீரென ஏறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர் வைக்க வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் பட்டையை ஏற்றி வளைத்து இறக்கினாலும் அந்த வளைவில் தாவும். சுவரைத் துளைத்து நேராக விடுவதே முறை.

மே மாதக் கோடை விழா சமயத்தில் அதே லாட்ஜின் ரிசப்ஷனில் நிற்கிற பையனையும் இடிதாங்கி என்றுதான் சொல்வார்கள். ஒரே ரூமை இரண்டு குடும்பத்துக்குப் புக் செய்தது ஓனர், வசவு பையனுக்கு. வாடகையில் நூறு ரூபாய் குறைக்க அவனுக்கு அதிகாரம் கிடையாது, ஓனரோ போனை எடுப்பதில்லை. வாங்கியதை இறக்க வழியில்லாமல் அது பக்கத்தில் தாவுகிறது: ரூம் பாய்மேல், துணி வெளுக்க வரும் அம்மாமேல். நல்ல பொறுமைசாலி என்று அவனைப் பாராட்டுவது முனைக்கு பாலிஷ் போடுகிற வேலை. ஒரு நாள் வாடகையைத் திருப்பித் தரும் அதிகாரமும், ராத்திரி பதினொரு மணிக்கும் எடுக்கிற ஒரு போன் நம்பரும் அவனிடம் இருக்க வேண்டும். அந்த நம்பரை ஏப்ரலிலேயே ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.