பூஜ்ஜியம் வராத மின்சாரம்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலைக் கூரையில் சோலார் வேலை. மே மாத உச்சி வெயில். ஒரு ஸ்ட்ரிங்கில், அதாவது வரிசையாகக் கோத்த ஒரு தொடரில், 20 பேனல், 740 வோல்ட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது, 9 ஆம்பியர். பேனலின் டிசியை (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஏசியாக (திசை மாறி மாறி ஓடுவது) மாற்றுவது இன்வெர்ட்டர். கூட வந்த தம்பி அதை நிறுத்தாமலே டிசி பெட்டியில் எம்சிபியை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறிய பிரேக்கரை, இறக்கிவிட்டான். குமிழ் கீழே வந்துவிட்டது. உள்ளே இரைச்சல் மட்டும் நிற்கவில்லை.

"அண்ணே, ஆஃப் பண்ணிட்டேன். ஆனா புகை வருது!"

பெட்டியைத் தொடாதே என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் இன்வெர்ட்டரை நிறுத்தினேன். இரைச்சல் அடங்கியது. ஆறியபின் கழற்றிப் பார்த்தால் எம்சிபியின் ஒரு பக்கம் கருகி இளகியிருந்தது. அதன் முகத்தில் சிறிய எழுத்தில் + − போட்டிருந்தது. வயர் மாறி ஏறியிருந்தது. உள்ளே உள்ள குட்டிக் காந்தம்தான் தீப்பொறியை வளைத்து, அதை அணைக்கும் தகடுகளுக்குள் தள்ளுகிறது. துருவம் மாறினால் அதே காந்தம் எதிர்ப்பக்கம் தள்ளும். பொறி அணையாமல் அங்கேயே நின்று எரியும்.

படித்ததெல்லாம் ஏசி. 50 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் ஒரு நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடும். தொடும்போது பொறி அணைய ஒரு வாய்ப்பு கிடைக்கும். டிசியில் அந்த நொடி வருவதே இல்லை. அன்று இன்வெர்ட்டர் நின்றதால்தான் பூஜ்ஜியம் கிடைத்தது.

சோலாரில் இன்னொரு சங்கடம் உண்டு. ஷார்ட் ஆனாலும் பேனல் தரும் மின்னோட்டம் வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூடும். ஒற்றை ஸ்ட்ரிங்கில் ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் மழைக்கு மறுநாள் காலை 7 மணிக்கு இன்வெர்ட்டரில் வரும் 'இன்சுலேஷன் ஃபால்ட்' (மின்கசிவு) எச்சரிக்கையை நான் அலட்சியம் செய்வதில்லை. 10 மணிக்கு ஈரம் உலர்ந்ததும் அது தானாகப் போய்விடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஏதோ ஓர் இரும்பு விளிம்பில் கேபிளின் தோல் உராய்ந்து கிடக்கும். ஈரம் இருக்கும்போதே மெகரோடு (இன்சுலேஷனை அளக்கும் கருவி) ஏறினால்தான் இடம் சிக்கும்.

டிசியை அறுக்கும் இதே பிரச்சினை பெரிய அளவில் எப்படி இருக்கும் என்று புகளூர் டிசி மின்நிலையத்தை நினைக்கும்போதெல்லாம் யோசிப்பேன். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து அங்கே ±800 கிலோவோல்ட்டில் 6000 மெகாவாட் வரை வருகிறது. அங்கிருந்து திருச்சூருக்கு ±320 கிலோவோல்ட்டில் 2000 மெகாவாட் வரை போகிறது. திருச்சூர் லைன் போன்ற புதிய வகையில் ஷார்ட் ஆனால் சில மில்லிசெகண்டில் மின்னோட்டம் ஏறிவிடும். ஏசியை டிசியாக மாற்றும் இதன் சாதாரணக் கன்வெர்ட்டரில் ஸ்விட்ச்களை நிறுத்தினாலும், அவற்றோடு சேர்ந்த ஒருவழிப் பாதைகளான டையோடுகள் வழியே ஏசி பக்கத்திலிருந்து ஊட்டம் தொடரும். இரண்டே முனை என்றால் ஏசி பிரேக்கரைத் திறந்து மொத்தத்தையும் நிறுத்திக்கொள்ளலாம். பல நிலையங்கள் வலையாகச் சேர்ந்தால் ஓர் இடத்துப் பழுதுக்கு எல்லோரையும் இருட்டில் போட முடியாது. 2020இல் சீனாவின் ஜாங்பெய்யில் நான்கு நிலையங்களை ±500 கிலோவோல்ட்டில் இணைத்தபோது டிசி பிரேக்கர்களே வைத்தார்கள். இயந்திர ஸ்விட்சும் குறைகடத்திகளும் சேர்ந்த ஹைப்ரிட் வகையில், பழுதின்போது குறைகடத்திகள் மின்னோட்டத்தைத் தாங்குவது ஒரு நொடிகூட இல்லை. சில மில்லிசெகண்டில் அறுத்து, லைனில் மிஞ்சிய ஆற்றலை சர்ஜ் அரெஸ்டர்களில் (மிகை மின்னழுத்தத்தை விழுங்கும் கருவிகள்) வெப்பமாக இறக்கிவிடுகின்றன. பூஜ்ஜியத்தை வலுக்கட்டாயமாக உண்டாக்கும் வேலை. எனக்கு அது பெரிய வியப்பு.

அந்தத் தம்பி இப்போது தனியாக டீம் நடத்துகிறான். போன வாரம் ஒரு படம் அனுப்பினான்: திறந்த பெட்டி, எம்சிபியின் + குறிமேல் அவன் விரல். "இன்வெர்ட்டர் ஆஃப் பண்ணிட்டுத்தாண்ணே திறந்தேன்."