எழுதியவர் ஊரில் இல்லாத நிரல்

வலிகாமத்துக் கிணறுகளின் நைத்திரேற்று அளவை ஆராய்ந்துகொண்டிருந்த முதுகலை மாணவி ஒருவர், தமக்கு முன் அதே ஆய்வைச் செய்தவர் பைதன் என்ற கணினி மொழியில் எழுதி விட்டுச்சென்ற நிரலுடன் 2018ஆம் ஆண்டில் என்னிடம் வந்தார். நிரலை எழுதியவர் மேற்படிப்புக்காக வெளிநாடு போயிருந்தார். அவருடைய ஆய்வேட்டில் அச்சாகியிருந்த வரைபடத்தை அந்த நிரலைக் கொண்டு மீண்டும் வரைய முடியவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணக்கற் பாறைக்குள் தேங்கும் மழைநீரையே குடிக்கிறோம், அதையே தோட்டத்துக்கும் இறைக்கிறோம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரமும் மலகூடக் குழிகளின் கசிவும் அதே நீருக்குள்தான் இறங்குகின்றன. வரைபடத்தில் எந்தக் கிணறு பச்சை, எந்தக் கிணறு சிவப்பு என்பது குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீட்டுக்குத் தெரிய வேண்டிய விடயம்.

இரண்டு பிற்பகல்கள் அருகருகே இருந்து வரி வரியாக வாசித்தோம். ஆய்வுகூடத் தாள்களில் ஒரு பகுதி அளவுகள் நைத்திரேற்றாகவும், மறுபகுதி நைத்திரேற்றிலுள்ள நைதரசனாகவும் பதியப்பட்டிருந்தன. நிரலோ எல்லா எண்களையும், நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையுடன் ஒப்பிட்டது. நைதரசனாக அளந்த எண்ணை 4.43ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்றின் அளவு கிடைக்கும். 14 என்று எழுதப்பட்டிருந்த கிணற்றின் உண்மையான அளவு 62. நிரல் அதைப் பச்சையாகக் காட்டியது. முன்னையவர் இப்பிழையைக் கண்டு திருத்தித்தான் வரைபடத்தை வரைந்திருக்கிறார். ஆனால் திருத்திய பிரதி அவருடைய மடிக்கணினியிலேயே தங்கிவிட்டது.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் தற்காலிகச் செயல்முறை ஆசிரியராக இருந்தேன். பிற துறையினரின் நிரல்களைச் செப்பனிடுவது என் கடமையாக எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. இவ்வேலைக்கு 2012இல் ஒக்ஸ்போர்ட்டில் கூடிய ஒரு செயலமர்வில் 'ஆய்வு மென்பொருள் பொறியியல்' என்ற பெயர் பிறந்ததையும், இதைச் செய்பவர்கள் 2016இல் மான்செஸ்டரில் தங்கள் முதல் மாநாட்டை நடத்தியதையும், பிரித்தானியாவில் 2019இல் அவர்களுக்கென ஒரு சங்கம் பதிவானதையும் பின்னர் வாசித்து அறிந்தபோது எனக்குப் பெரும் ஆறுதல் உண்டாயிற்று. பெயர் இருந்தால்தான் ஒரு வேலைக்கு நேரம் கேட்கலாம், ஆள் கேட்கலாம்.

ஆனால் முதல் முயற்சி சரிவரவில்லை. எல்லாப் பீடங்களுக்கும் அறிவித்தல் அனுப்பி, பதிப்புக் கட்டுப்பாடு, அதாவது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் முறை, பற்றி ஆங்கிலத்தில் ஒரு மணித்தியால விரிவுரை வைத்தேன். மண்டபம் நிறைந்தது, அடுத்த கிழமை நால்வர்தான் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய புவியியல் விரிவுரையாளர். "பிள்ளை, நீர் சொன்னதெல்லாம் விளங்கினது. ஆனா என்ரை பிரச்சினையை அவ்வளவு பேருக்கு முன்னாலை இங்கிலிசிலை எடுத்துச் சொல்ல வெக்கமாக் கிடந்தது" என்றார். நான் கேட்ட ஆலோசனைகளில் இதைவிடப் பயன்பட்டது வேறொன்றில்லை.

அதன்பின் விரிவுரையை நிறுத்திவிட்டு, வியாழக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ஒரு சிறிய ஆய்வுகூடத்தில், தேநீருடன், அவரவர் நிரலைக் கொண்டுவந்து இருந்து பார்ப்பதென்று வைத்துக்கொண்டோம். விசைப்பலகை உதவி கேட்டு வந்தவரின் கையிலேயே இருக்க வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகப் பின்பற்றினோம். பேச்சு தமிழில் நடந்தது. சிங்கள மாணவர்கள் வந்த நாட்களில் ஆங்கிலமும் எங்களுக்குத் தெரிந்த சிங்களமும் கலந்தன.

ஒரு வியாழன் வரலாற்றுத் துறை மாணவர் ஒருவர், முதியவர்களிடம் எடுத்த நேர்காணல்களின் எழுத்துப்படிகளைக் கொண்டுவந்தார். அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை; திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே என்பதால், தமிழில் ஒரு சொல்லைத் தேடினால் எதுவும் அகப்படாது. தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே கோப்பில் பதியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற அவர் எழுதிய நிரல் பெரும்பாலான எழுத்துகளைச் சரியாக மாற்றி, 'கொ', 'போ' போன்றவற்றை மட்டும் உடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் தன் மரபணு வரிசைகளுடன் இருந்த உயிரியல் மாணவி எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் 'கா'வை முதலில் மாற்றுகிறீர்கள், அதனால் 'கொ'வின் கால் அதோடு போய்விடுகிறது, நீளமான கோலங்களை முதலில் மாற்றுங்கள்" என்றார். வரிசையை மாற்றியதும் சரிவந்தது. தமிழ் எழுத்தும் மரபணு வரிசையும் தேடலுக்கு ஒன்றுதான் என்று இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. இது இனி என்னை நம்பி நிற்கும் கூட்டமில்லை என்ற நம்பிக்கை எனக்கு அன்றுதான் வந்தது.

2022 மார்ச் முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது சந்திப்புகள் தடைப்பட்டன. பதிப்புக் கட்டுப்பாட்டுக்கு நாங்கள் பயன்படுத்திய கிட் (Git) என்ற மென்பொருளில் ஒவ்வொருவருடைய பிரதியும் முழு வரலாற்றையும் தன்னுள் வைத்திருப்பதால், பொதுப் பிரதி இருக்கும் வழங்கிக் கணினி நின்றாலும் அவரவர் வீட்டில் மின்சாரம் வந்த நேரத்தில் வேலையைத் தொடர்ந்து, பின்னர் ஒன்றிணைக்க முடிந்தது. விரிவுரையில் நான் விளங்கவைக்கத் தவறியதை அந்த மாதங்கள் விளங்கவைத்தன.

நிரந்தரப் பதவியொன்று கேட்டு எழுதிய கடிதம், அப்படியொரு பதவி ஆளணியில் இல்லை என்ற பதிலுடன் திரும்பியது. அந்த மனவருத்தம் எனக்கு இன்னும் உண்டு. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வருபவர் பழகி முடிக்கும்போது போய்விடுகிறார், போகும்போது அவருக்குத் தெரிந்ததும் போய்விடுகிறது. கிடைத்தது சிறிது: வியாழன் பிற்பகலை எங்கள் வேலைப்பளுவில் சேர்க்கத் துறைத் தலைவர் இணங்கினார். ஆய்வேடுகளின் நன்றியுரையில் ஒரு வரியாக இருந்த எங்கள் பங்கு, நிரலின் பெயர், பதிப்பு இலக்கம், எழுதியவர் பெயர் என்று முறையியல் அத்தியாயத்துக்கு வரத் தொடங்கியது. மேற்பார்வையாளர்களுடன் தனித்தனியே பேசிப் பேசித்தான் இது நடந்தது.

கிணற்று நிரல் இப்போது மூன்றாவது மாணவரின் கையில் இருக்கிறது. அலகு குறிப்பிடாத தரவை ஏற்க மறுக்கும் சோதனையொன்றை அந்த முதுகலை மாணவி அதில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். கடந்த வியாழன் அது புதிய கோப்பொன்றை ஏற்கவில்லை, நாங்கள் தேநீர் குடித்து முடிக்கும்வரை அந்தத் தம்பி வாசலில் நின்று, ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுத்து, "இது நைத்திரேற்றா, நைதரசனா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.