தாக்கியதா, தள்ளியதா?

நீலகிரி மாவட்டத்தின் கூடலூரிலிருந்து பந்தலூர் செல்லும் சாலையோரத்தில் பல ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடை நடத்தி வருகிறேன். நகல் எடுப்பதைவிட மனு எழுதுவதிலேயே என் பொழுது பெரும்பாலும் கழிகிறது. பட்டா, முதியோர் உதவித்தொகை, மின் இணைப்பு என்று எல்லா ஊர்களிலும் எழுதப்படும் மனுக்களோடு, எங்கள் பகுதிக்கே உரிய மனு ஒன்றும் உண்டு. காட்டு விலங்கால் காயம்பட்டவர் வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு எழுதும் மனு அது. 'தாக்கியது' என்ற சொல்லை அத்தகைய மனுக்களில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சென்ற மழைக்காலத்தில் தோட்டத் தொழிலாளி ஒருவர் என் பேனாவை அந்தச் சொல்லிலேயே நிறுத்திவிட்டார்.

கொழுந்து பறிக்கப் போகும் வழியில், விடியற்கால மூடுபனியில், குட்டியோடு நின்றிருந்த யானைக்கு மிக அருகே அவர் போய்விட்டார். விழுந்ததில் வலக்கை எலும்பு முறிந்தது. எழுதி முடித்ததும் வழக்கம்போல் வாசித்துக் காட்டினேன். "தாக்குச்சுன்னு எழுதாதீங்கண்ணே, அது தள்ளிவிட்டுச்சு, அவ்வளவுதான். தாக்கணும்னு நெனச்சிருந்தா நான் இங்க வந்து உக்காந்திருப்பேனா?" என்றார். "அப்படி எழுதினாத்தாம்மா ஆபீசுல எடுத்துக்குவாங்க" என்று சமாதானம் சொல்லிக் கைநாட்டு வாங்கி அனுப்பினேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

யோசித்துப் பார்த்தால், எங்கள் மலையின் பேச்சில் 'தாக்குதல்' என்ற சொல் அநேகமாக இல்லை. காட்டு மாடு முட்டும், பன்றி குத்தும், கரடி பிராண்டும், கடிக்கும், சிறுத்தை பாயும், கவ்வும், பாம்பு கொத்தும், மலைத்தேனீ கொட்டும். யானைக்கு மட்டும் தள்ளும், மிதிக்கும், தூக்கி எறியும், துரத்தும் என்று பல வினைகள் உண்டு. மாட்டைக் கொன்ற புலியைப் பற்றிப் பேசும்போது "புலி அடிச்சிருச்சு" என்பார்கள். கொம்பா, நகமா, பல்லா, துதிக்கையா என்பதை வினைச்சொல்லே சொல்லிவிடுவதால், கேட்பவருக்குக் காயம் எப்படிப்பட்டது என்று பாதி விளங்கிவிடும். இத்தனையையும் செய்தித்தாளும் அரசுக் கோப்பும் 'தாக்கியது' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன. முட்டியதும் கவ்வியதும் மிதித்ததும் அதற்குள் ஒன்றாகிவிட, விலங்கு திட்டமிட்டு வந்து செய்த குற்றம் போன்ற தோற்றம் மட்டும் மிஞ்சுகிறது.

'யானை தாக்கி விவசாயி பலி' என்ற தலைப்பைப் பாருங்கள். 'தாக்கி' என்ற வினையெச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்பது பொதுவிதி; அந்த விதியை இறுக்கிப் பிடித்தால் தாக்கிய யானையே பலியாக வேண்டும். ஆனாலும் 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பதை இலக்கண நூலோர் ஏற்றுக்கொண்டதால், இதையும் காரணப் பொருளில் ஏற்கிறோம். மழை நெல்லை விளைவிக்க எண்ணிப் பெய்வதில்லை என்பதை நினைத்துக்கொண்டால், இந்தத் தலைப்பையும் சற்று அமைதியாக வாசிக்க முடியும்.

'தாக்கு' என்பது பழஞ்சொல். திருக்குறளில் அது வரும் இடங்களைத் தேடியபோது எனக்கு வியப்பாக இருந்தது. 'பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து' என்கிறது 486ஆவது குறள். சண்டைக் கிடா பின்வாங்குவது அஞ்சி அல்ல, விசையோடு மோதுவதற்காகவே. அங்கே தாக்குதல் முழுக்க முழுக்க எண்ணித் துணிந்த செயல். பருத்த உடலும் கூர்த்த கொம்பும் உடைய யானையும் புலி தாக்கினால் அஞ்சும் என்கிறது 599ஆவது குறள். முதுமலையை ஒட்டி வாழும் நாங்கள் அதை உவமையாக மட்டும் படிப்பதில்லை. 1082இல் வரும் 'தாக்கணங்கு', அதாவது தாக்கி வருத்தும் தெய்வப் பெண், காதலியின் பார்வைக்குச் சொன்னது.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது 1068ஆவது குறள்தான். இரத்தல் (பிச்சை கேட்டல்) என்னும் காவலற்ற தோணி, கரத்தல் (இருப்பதை ஒளித்தல்) என்னும் பாறை தாக்கினால் பிளந்துவிடும் என்பதை 'பார்தாக்கப் பக்கு விடும்' என்று வள்ளுவர் முடிக்கிறார். 'பார்' என்றால் பாறை. பாறை எங்கும் நகரவில்லை, யார்மேலும் பகை கொள்ளவில்லை. தோணிதான் அதன்மேல் போய் மோதுகிறது. இருந்தும் தாக்கியது பாறை என்கிறார். அப்படியானால் இந்தச் சொல்லுக்குள் பகை கட்டாயம் இருக்க வேண்டியதில்லை. இரண்டு பொருள்கள் வேகத்தோடு சந்திப்பதே தாக்கு. அந்தச் சந்திப்பில் மெலிந்தது உடைகிறது. மூடுபனியில் அந்தப் பெண்ணும் யானையும் சந்தித்ததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்றாட வழக்கிலும் அந்தப் பழம்பொருள் உயிரோடுதான் இருக்கிறது. மின்னலும் மின்சாரமும் புயலும் தாக்குகின்றன. எவரும் அவற்றின்மேல் வஞ்சம் சுமத்துவதில்லை. 1946இல் தென்னிந்தியத் தோட்டங்களுக்குள் வந்த கொப்புள நோய், இன்றும் தென்மேற்குப் பருவமழையில் தேயிலையின் இளந்தளிரைத் தாக்குகிறது. கோடையில் சிவப்புச் சிலந்தி தாக்குகிறது. மேல்மலையில் உறைபனி தாக்கித் தேயிலை கருகியது என்று செய்தித்தாள் எழுதுவதை, மக்கள் "பனி அடிச்சிருச்சு" என்பார்கள். அதே மக்கள் ஒரு நாற்றைக் காட்டி, இது பனிக்குத் தாக்குப்பிடிக்கும், இது பிடிக்காது என்று சொல்லும்போது 'தாக்கு' என்ற சொல் அவர்கள் வாயில் இயல்பாக வருகிறது. 'தாக்கம்' என்று நீளும்போது அடியின் வலி தேய்ந்து, விளைவு என்ற பொருளே எஞ்சுகிறது.

சொல்லின் தேர்வு உயிரோடு விளையாடக்கூடியது என்பதை 2021இல் நாங்கள் நேரில் கண்டோம். கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் மனிதர்களையும் கால்நடைகளையும் கொன்ற டி23 என்ற புலிக்கு 'ஆட்கொல்லி' என்ற பெயர் விழுந்தது. அந்தச் சொல் விழுந்த பிறகு, அதைச் சுட்டுவிடலாம் என்ற பேச்சு வெகு இயல்பாக எழுந்தது. உடனே கொன்றுவிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சுமார் மூன்று வாரத் தேடலுக்குப் பின், அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி, உயிருடன் பிடித்து மைசூருக்குக் கொண்டுசென்றார்கள். உறவை இழந்த குடும்பங்களின் அச்சமும் ஆத்திரமும் நியாயமானவை; அவர்களிடம் போய்ச் சொல்லாராய்ச்சி பேச எனக்கு உரிமையில்லை. வீட்டு வாசலில் நடந்த சாவைத் தூரத்திலிருந்து எழுதுகிறவர்களிடம்தான் நான் பேசுகிறேன்.

மனிதர் மனிதரை அடிக்கும் மனுக்களில் என் நிலை நேர்மாறானது. கணவனிடம் அடிவாங்கி முகம் வீங்கி வரும் பெண், "கை நீட்டிட்டாருங்க" என்றுதான் தொடங்குவார். கையை நீட்டியது மட்டும்தான் நடந்தது போல எவ்வளவு மெல்லிய சொல்! "ரெண்டு வச்சுட்டார்" என்பதும் அப்படியே. அங்கே நான் விட்டுக்கொடுப்பதில்லை; 'தாக்கினார்' என்று எழுதி, எதனால், எத்தனை முறை, உடம்பில் எந்த இடத்தில் என்று அடுத்தடுத்து எழுதுகிறேன். பின்வாங்கி விசை கூட்டி வந்து மோதும் கிடாயின் எண்ணம் அந்தக் கைக்கு இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 130ஆவது பிரிவின்படி, மேலே படாமலே, அடிக்கப்போகிறார் என்று எதிரிலிருப்பவர் அஞ்சும்படி கையை ஓங்குவதும் தாக்குதல் குற்றத்தில் அடங்கும். அந்தப் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லும்போது, "ஓங்கினதே தப்பாண்ணே?" என்று நம்பாமல் கேட்கிறார்கள். ஆமாம், தப்புத்தான் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

கடையில் எனக்கு உதவும் தம்பி, மனுத் 'தாக்கல்' என்பதற்கும் இதற்கும் என்ன உறவு என்று ஒருநாள் கேட்டான். ஒன்றுமில்லை. அது 'உட்புகுதல்' என்னும் பொருளுடைய அரபுச் சொல், உருது வழியாக வந்தது. 'தாக்கீது' என்பதும் அவ்வழியில் வந்த வேறொரு சொல். ஒலி ஒன்றுபோல இருப்பதால், ஒரே தாளில் யானை தாக்குவதும் மனு தாக்கலாவதும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிடுகின்றன.

அந்தத் தொழிலாளிப் பெண் மருத்துவச் சான்று இணைப்பதற்காக மறுபடி வந்தபோது, மனுவைப் புதிதாக எழுதித் தந்தேன். 'பொருள்' என்ற வரியில், கோப்பு உரிய மேசைக்குப் போக வேண்டும் என்பதற்காக, 'யானை தாக்கிக் காயமுற்றமை' என்றே வைத்தேன். அதற்குக் கீழே, 'மூடுபனியில் குட்டியுடன் நின்ற யானை எதிர்ப்பட்டது. நான் திரும்பி ஓட முயன்றபோது துதிக்கையால் தள்ளியதில் கீழே விழுந்து என் வலக்கை எலும்பு முறிந்தது' என்று எழுதினேன். இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கட்டுப் போடாத இடக்கையால் கைநாட்டு வைத்தார்.