ஆர்க்கிபாக்டீரியாவும் எங்கள் தாவரவியல் சாரும்

பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலில் ஆர்க்கிபாக்டீரியா என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிர்களுக்குக் கிடைத்த இடம் அரைப் பக்கம். மீத்தேன் உண்டாக்குபவை, உப்பை விரும்புபவை, வெப்பத்தையும் அமிலத்தையும் விரும்புபவை என்று மூன்று வகை, ஆளுக்கொரு எடுத்துக்காட்டு, அவ்வளவுதான். அந்த அரைப் பக்கத்தை நம் சார் ஒரு பருவம் முழுக்க நடத்தினார். 1990-களின் தொடக்கத்தில் மேலூரில் அவரிடம் படித்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆடி மாதம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விடவில்லை. பள்ளிக்குப் பின்னாலிருந்த கண்மாயில் ஊர்க்காரர்கள் வயலுக்குக் கரம்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த முழங்கால் தண்ணீரில் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கவிழ்த்து, அதன் வாயில் புனலைப் பொருத்தி அவர் பிடித்துக்கொள்ள, நாங்கள் கம்பால் சேற்றைக் கிளறினோம். அழுகல் வாடை தாங்காமல் மூக்கைப் பொத்தினோம். "நாத்தம் வேற, கேஸ் வேறப்பா. மீத்தேனுக்கு வாசனையே கிடையாது" என்றார். குமிழி ஏற ஏறப் பாட்டில் தண்ணீர் இறங்கியது. கரைக்கு வந்து தீக்குச்சியை நீட்டினார். பகல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் நீலச் சுடர் ஒன்று எழுந்து அடங்கியது. 1776-இல் இத்தாலியில் மஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி இதே வாயுவைச் சேகரித்தவர் வோல்டா என்பதையும் அங்கேயே நின்று சொன்னார்.

சேற்றுக்குள் காற்றுப் புகாத இடத்தில் வாழும் மெத்தனோஜென்கள், அதாவது மீத்தேன் உண்டாக்குபவை, ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேன் ஆக்குகின்றன; அவை உயிர் வாழ்வதற்கான ஆற்றல் அதிலிருந்துதான் கிடைக்கிறது. ஆக்சிஜன் பட்டால் தாங்காது. "அதுக்கு நம்ம காத்துதான் விஷம்" என்பார் சார். கோபர் கேஸ் தொட்டியில் வேலை செய்வதும் இவைதான். அலங்காநல்லூர் வாடிவாசலில் திமிறிக்கொண்டு வரும் காளையின் இரைப்பையிலும் இவை உண்டு. மாட்டு மீத்தேனில் பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது என்பதை அன்று எங்களில் பாதிப் பேர் நம்பவில்லை.

சனிக்கிழமைகளில் காமராசர் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்க் குறிப்பெடுத்து வருவது அவர் வழக்கம். கார்ல் வோஸ் என்ற பெயரை அப்படித்தான் கேட்டோம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, மெத்தனோஜென்கள் பாக்டீரியாக்களின் கிளையே அல்ல, தனி வம்சம் என்று 1977-இல் எழுதினார்கள். 1990-இல் உயிர் உலகமே பாக்டீரியா, ஆர்க்கியா (பாடநூலின் ஆர்க்கிபாக்டீரியாதான்), யூகேரியா (செடிகொடிகளும் நாமும் அடங்கியது) என மூன்று பெரும் பிரிவாக வகுக்கப்பட்டது. பாடநூல் இன்னும் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரிக்கும் பழைய முறையிலேயே நின்ற நேரத்தில், பூமியின் ஒரு முழு உயிர்க்கிளை அடையாளம் தெரிந்த கதையை மேலூரில் உட்கார்ந்து கேட்டோம். அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

உப்பு விரும்பிகளைக் காட்டத் தூத்துக்குடிக்கு அழைத்துப் போனார். வெயில் ஏறி உப்பு படியும் பாத்திகளில் நீர் செம்மை பாய்ந்து கிடந்தது. டுனாலியெல்லா என்ற பாசியோடு ஹாலோபாக்டீரியம் போன்றவையும் தரும் நிறம் அது. அவை செல்லுக்குள் பொட்டாசியத்தைக் குவித்து வெளி உப்பை ஈடுகட்டுகின்றன. நல்ல தண்ணீரில் போட்டால் செல் சிதைந்துவிடும். ஒளியைக் கொண்டு புரோட்டான்களை வெளியே தள்ளும் ஊதாப் புரதம் ஒன்றும் அவற்றில் உண்டு.

இன்று நான் வசிப்பது சால்ட் லேக் சிட்டியில். 1959-இல் ரயிலுக்காகக் குறுக்கே போட்ட கரை இங்குள்ள உப்பேரியை இரண்டாகப் பிரித்தது. ஆறுகள் சேராத வடபகுதியில் உப்பு ஏறி நீர் இளஞ்சிவப்பாகிவிட்டது. ஊரிலிருந்து வரும் உறவினர்களை அங்கே கூட்டிப்போய், சார் சொன்னதையெல்லாம் ஒப்பிப்பேன்.

வெப்பத்தையும் அமிலத்தையும் விரும்பும் மூன்றாம் வகைக்கு மட்டும் மதுரைப் பக்கம் இடமில்லை. யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் குழுவினர் கண்டெடுத்த சல்ஃபோலோபஸ், 75 முதல் 80 டிகிரி வெப்பத்திலும் கடும் அமிலத்திலும் செழிக்கிறது. கடலடி வெப்பத் துளைகளைச் சேர்ந்த மெத்தனோபைரஸ் 122 டிகிரியில், உயர் அழுத்தத்தில், பெருகியதை 2008-இல் பதிவு செய்தார்கள். பாக்டீரியாவின் சவ்வுக் கொழுப்பில் எஸ்டர் பிணைப்பு. ஆர்க்கியாவின் சவ்வில் ஈத்தர் பிணைப்பு. எளிதில் உடையாத அந்தப் பிணைப்பு வெப்பத்தைத் தாங்கப் பெரிய துணை.

பாடநூல்கள் இவற்றை விநோதப் பிராணிகளாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. திறந்த கடலிலும் தோட்ட மண்ணிலும் நம் குடலிலுமே ஆர்க்கியா இருக்கிறது. கண்மாயில் தொடங்கிப் பாடம் நடத்தியதால் சாரின் மாணவர்களுக்கு அந்த மயக்கம் வந்ததில்லை.

நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பிளஸ் டூ பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறை உப்பளம் போய்வரப் பேருந்து வாடகையையும், ஆய்வகத்துக்கு எண்ணெய் லென்ஸ் வைத்த நல்ல மைக்ராஸ்கோப் ஒன்றின் விலையையும் இந்த ஆண்டு நிதியில் சேர்க்க வேண்டும். சார் பெயரில் செய்தால் இன்னும் நல்லது. என் பங்கைப் பொருளாளருக்கு அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் பொங்கலுக்குள் அனுப்பினால், அடுத்த ஆடியில் பிள்ளைகளை அழைத்துப் போய்விடலாம்.