வயற்காட்டுக் கால்களோடு சிவனொளிபாதம்

வன்னியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உயரம் என்றால் குளக்கட்டுதான். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், அதற்கப்பால் காடு. கண் போகும் தூரம் வரைக்கும் தரை ஒரே மட்டம். மலை என்று சொல்லிக்கொள்ள ஒலுமடுப் பக்கம் வெடுக்குநாறியும் தண்ணிமுறிப்புப் பக்கம் குருந்தூரும் இருக்கின்றன. மலைநாட்டுக்காரர் பார்த்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். இப்படிப்பட்ட இடத்திலிருந்தும் 2,243 மீற்றர், பழைய கணக்கில் 7,359 அடி உயரமான சிவனொளிபாத மலைக்கு வான் பிடித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த முறை எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள்.

காலமும் எங்களுக்கு வசதியாகத்தான் அமைந்திருக்கிறது. மலையின் யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியோடு முடியும். பெல்மதுளை விகாரையிலிருந்து, மலையின் காவல் தெய்வமாகச் சிங்களவர் வணங்கும் சமன் தெய்வத்தின் உருவத்தை ஊர்வலமாக மேலே கொண்டுபோவதோடு அது தொடங்குகிறது. இங்கே தையிலும் மாசியிலும் காலபோக வெட்டு முடிந்து, நெல்லு விற்ற காசு கொஞ்சம் கையில் இருக்கும். சிறுபோகத்துக்குக் குளத்தைத் திறக்கும்வரை வயலில் பெரிய வேலை இல்லை. கடவுளைப் பார்க்கப் போகக் கமக்காரனுக்கு வாய்க்கும் இடைவெளி அதுதான்.

பயணத்தைத் தொடக்கி வைத்தது எங்கள் பக்கத்து வளவு ஆச்சி. ஆச்சி வன்னியில் பிறந்தவர் அல்ல. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து கொழுந்து எடுத்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். ஆச்சியின் குடும்பமும் அதில் ஒன்று. வன்னி மண்ணில் உளுந்தும் நிலக்கடலையும் போட்டு, பிறகு இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்து மறுபடியும் நிலக்கடலை போட்டவர். "பாதத்தை ஒருக்காப் பாத்துட்டு வந்துட்டா அப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்காரர் சொன்னால் நாங்கள் என்ன செய்வது? சரி என்றோம்.

கால்களைப் பழக்கவென்று முதலில் வெடுக்குநாறிக்குப் போனோம். நெடுங்கேணியிலிருந்து ஒலுமடு போய், அங்கிருந்து காட்டுப் பாதையில் போக வேண்டும். மேலே ஆதிலிங்கேஸ்வரர். இந்தச் சிறு மலைக்கு வந்த சோதனை பெரிய மலைகளுக்கும் வந்திருக்காது. 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைக்கப்பட்டும் அகற்றப்பட்டும் கிடந்தன. நீதிமன்றம் போய்த்தான் திரும்ப வைக்க முடிந்தது. அடுத்த வருடம் சிவராத்திரி இரவில் பூசை செய்யப் போனவர்களில் எட்டுப் பேர் கைதாகி, சில நாட்களின் பின் விடுதலையானார்கள். ஆகவே அங்கே ஏறுவதென்றால் கால் மட்டும் போதாது, கொஞ்சம் மனத்துணிவும் வேண்டும். பாறையில் நின்று பார்த்தால் கீழே பச்சைக்காடு அப்படியே விரிந்து கிடக்கிறது. எங்கள் பெடியள் அங்கேயே மூச்சு வாங்கினார்கள். ஆச்சிக்கு வியர்க்கக்கூட இல்லை.

புறப்படும் நாள் விடியவே ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரிடம் போய்க் கற்பூரம் கொளுத்தினோம். குரக்கன் ஒட்டை, அதாவது கதிர் அரிந்தபின் நிற்கும் தாளை, சுட்ட இடத்தில் நெருப்புக்குள்ளிருந்து லிங்கம் தோன்றியது என்பது அந்தக் கோயிலின் கதை. எங்கள் பக்கத்தில் எந்த நெடும்பயணமும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான். பிறகு நெடுங்கேணி, புளியங்குளம், ஏ9 வீதி. வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி. அதற்கப்பால் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று வளைவுக்கு மேல் வளைவு. நேர்வீதியில் பழகிய வயிறுகளுக்கு அந்தப் பாதை ஒத்துவராது. தேசிக்காய் எத்தனை மணந்து பார்த்தும் பாதிப் பேர் வாந்தி. அந்த விபரம் போதும்.

ஹட்டன் தாண்டி, நோர்வூட் தாண்டி, மஸ்கெலியாவை நெருங்கும்போது ஆச்சி கதைப்பதை நிறுத்திவிட்டார். வலது பக்கத்து மலையையும் இடது பக்கத்து மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மவுசாகலை நீர்த்தேக்கம் தெரிந்ததும் சாரதியிடம், "தம்பி, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க" என்றார். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்குள்தான் இருக்கிறது. 1960களின் இறுதியில் அணை கட்டியபோது கடைத்தெரு, கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாம் மூழ்கிப்போயின. மழை குறைந்து நீர்மட்டம் இறங்கும் வருடங்களில் பழைய கோயிலின் கற்கள் வெளியே தெரியும், சனம் போய் விளக்கேற்றிக் கும்பிடும். நாங்கள் போனபோது தண்ணீர் நிறைந்திருந்தது. ஆச்சி தண்ணீரின் நடுவே விரலை நீட்டி, "அந்தா, அங்கனதான் அப்பா எனக்கு முறுக்கு வாங்கித் தருவாரு" என்றார். நாங்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரையே பார்த்தோம். குளம் கட்டினால் வயல் விளையும் என்று மட்டும் தெரிந்த ஊர்க்காரர்கள் நாங்கள்.

நல்லதண்ணியில் இறங்கியதும் குளிர் பிடித்துக்கொண்டது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை இறங்கும். அந்தக் கணக்கில் உச்சியில் வன்னியைவிடப் பதினான்கு பாகையாவது குறைவு. காற்று அடித்தால் இன்னும் மோசம். "மேல காத்தே இல்லையாம், மூச்சு முட்டுமாம்" என்று எங்கள் வானில் ஒருவர் எல்லோரையும் பயமுறுத்திக்கொண்டு வந்தார். அப்படி இல்லை. உயரத்தால் வரும் தலையிடி, குமட்டல் எல்லாம் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் ஆரம்பிக்கும். இங்கே மூச்சு வாங்க வைப்பது படிகள். ஐயாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். எண்ணியவர்கள் எவரும் ஒரே கணக்கைச் சொன்னதில்லை.

இரவு பத்தரைக்கு ஏறத் தொடங்கினோம். விடியும்போது உச்சியில் நிற்க வேண்டும், வெயிலுக்கு முதல் இறங்கத் தொடங்க வேண்டும், அதற்காகத்தான் இரவு நடை. பருவகாலத்தில் வழி நெடுக மின்விளக்கு. கீழே நின்று நிமிர்ந்தால் இருட்டுக்குள் அந்த வெளிச்ச வரிசை மேலே, இன்னும் மேலே, கழுத்து நோகும் உயரத்தில் போய் முடிகிறது. அதைப் பார்த்தவுடனே எங்கள் மாமி ஒருவர், "நான் வானுக்குள்ள இருக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். ஆச்சி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். மாமி கடைசியில் உச்சிவரை வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக இலேசான ஏற்றம். மகரதோரணம், அப்புறம் யப்பானியத் துறவிகள் கட்டிய வெள்ளைத் தாதுகோபம். சீதகங்குல ஓடையில் முகம் கழுவிக் கால் நனைத்துவிட்டுத்தான் மேலே போவது வழக்கம். அந்தத் தண்ணீர் பட்டதும் நித்திரை எங்கே போனதென்றே தெரியவில்லை. புத்தர் நின்று தன் துறவாடையான சீவரத்தைத் தைத்தார் என்று சொல்லும் இடத்தில் சிங்கள யாத்திரிகர்கள் ஊசியும் நூலும் காணிக்கை வைக்கிறார்கள். அதற்கப்பால் படியோரச் செடிகளில் வெள்ளை நூல் மேலே மேலே ஓடிக்கொண்டே போகிறது. இறங்கி வருகிறவர்கள் ஏறுகிறவர்களைப் பார்த்து "கருணாவயி" என்பார்கள். நாங்கள் "சிவ சிவா" என்போம். அவர்களும் தலையாட்டுவார்கள், நாங்களும் தலையாட்டுவோம். கதை அவ்வளவுதான்.

பாதம் யாருடையது என்ற வழக்கு பழையது. எங்களுக்குச் சிவன், பௌத்தர்களுக்குப் புத்தர், முஸ்லிம்களுக்கு ஆதம், கிறிஸ்தவர்களில் சிலருக்குத் தோமையார். 1344இல் இப்னு பதூதா இங்கே ஏறியிருக்கிறார். பாறையில் சங்கிலிகள் பொருத்தியிருந்ததை எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு முந்திய கதை. புத்தளத்தில் வந்திறங்கிய அவருக்கு வழி செய்து கொடுத்தவர் ஆரியச் சக்கரவர்த்தி, எங்கள் வடபுலத்து அரசர். பல்லக்கும் ஆட்களும் மூன்று பிராமணர்களும் கொடுத்ததோடு, ஆண்டுதோறும் பாதத்துக்கு யாத்திரை போகும் யோகிகள் நான்கு பேரையும் துணைக்கு அனுப்பினார். அதாவது அந்தக் காலத்திலேயே இந்த வழி மனப்பாடமான தமிழ் யோகிகள் இருந்திருக்கிறார்கள். ஏ9இல் வான் ஓடும் நாங்கள் புதிதாக எதையும் செய்துவிடவில்லை.

பாதி வழிக்கு மேல்தான் மலை தன் வேலையைக் காட்டியது. எங்கள் பெடியள் ஆரம்பத்தில் இரண்டு இரண்டு படியாகப் பாய்ந்தவர்கள், இப்போது ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் குந்தியிருந்தார்கள். ஆச்சி குந்தவே இல்லை. அவர் ஏறிய விதத்தைப் பின்னால் நின்று நெடுநேரம் பார்த்தேன். படிக்கு நேராக நிற்காமல் உடம்பைச் சற்றுச் சரித்து, முழுப் பாதத்தையும் படியில் பதித்து, ஒரு படிக்கு ஒரு மூச்சு. களைத்தால் நின்றபடியே கைப்பிடிக் கம்பியில் இடுப்பைச் சாய்த்து ஆறேழு மூச்சு எடுப்பார், மறுபடி நடப்பார். கழுத்தைச் சற்று முன்னே தள்ளித்தான் ஏறினார். தலையிலிருந்து கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டுச் சரிவு சரிவாக ஏறிய காலத்துக் கழுத்து அது. கூடை இல்லாத இந்த வயதிலும் அப்படியே நின்றது.

"தம்பி, மேல பாக்காதீங்க. முன்னுக்குப் போறவங்க குதிகாலைப் பாத்து நடங்க. உக்காந்தீங்க, அப்புறம் முட்டி எந்திரிக்க விடாது."

மலையேற்றத்துக்கென்று சப்பாத்து வாங்கிப் போட்டிருந்த எனக்குச் சொன்னார். அவர் காலில் இருந்தது வழமையாகத் தோட்டத்துக்குப் போடும் றப்பர்ச் செருப்பு.

கடைசி ஏற்றத்தைச் சிங்களவர் மகாகிரிதம்ப என்பார்கள். ஏணிக்குக் கிட்டிய செங்குத்து. இரு பக்கமும் இரும்புக் கம்பி, பனியில் நனைந்து கை விறைக்கும் குளிரில். சனம் நெருங்கி, ஒரு படி ஏறிப் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை. முன்னால் நின்ற ஒரு சிங்களப் பிள்ளை ஆச்சிக்கு இஞ்சித் தேத்தண்ணியில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். ஆச்சி தோட்டத்துச் சிங்களத்தில் அவளோடு ஏதோ கதைத்துச் சிரித்தார். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நிற்கும் நேரத்தில் வியர்வை உடம்போடு குளிர்ந்து நடுக்கம் எடுக்கும். கம்பளித் தொப்பியையும் தடித்த சட்டையையும் இந்த இடத்துக்கென்று வைத்திருக்க வேண்டும். கீழேயே போட்டுக்கொண்டு ஏறினால் எல்லாம் நனைந்து பயனில்லாமல் போகும்.

உச்சி சின்ன இடம்தான். சுற்றிவரச் சுவர், நடுவில் கூரைக்குக் கீழே பாதம். நேரே பாறையில் இருக்கும் சுவடு தெரியாது, மேலே கல்லால் மூடித் துணி விரித்திருக்கிறார்கள். பூவை வைத்து, நெற்றியைத் தொட்டு எடுப்பதற்குள் பின்னால் வருகிறவர்களுக்கு இடம் விட வேண்டும். அந்த ஒரு கணத்தில் என்ன கேட்டாய் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. ஒட்டுசுட்டானில் சொல்லி வைத்ததெல்லாம் மறந்துபோயிருந்தது. "அப்பனே" என்ற ஒரு சொல்தான் வாயில் வந்தது.

அங்கே ஒரு மணி இருக்கிறது. எத்தனை தரம் மலை ஏறினீர்களோ அத்தனை தரம் அடிக்க வேண்டும். நாங்கள் ஆளுக்கு ஒரு அடியோடு விலகினோம். ஆச்சி அடிக்கத் தொடங்கினார், நிறுத்தவில்லை. சின்ன வயதில் வருடா வருடம் ஏறியவராம், கணக்கு மறந்துவிட்டதாம். "கூடிப் போனா சாமி கோவிக்காது" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். வரிசையில் நின்றவர்கள் முதலில் முறைத்தார்கள், அப்புறம் சிரிக்கத் தொடங்கினார்கள்.

சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்து அரோகராவும் சாதுவும் ஒன்றாகக் கத்துகிறார்கள். ஆனால் மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள் என்பேன். மலையின் நிழல் கூர்முக்கோணமாக முகில் மேலே விழுந்து கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகி மலையடிக்கு வந்து மறைந்துவிடும். களனி, களு, வளவை ஆறுகள் பிறக்கும் காடுகளெல்லாம் அந்தச் சரிவுகளில்தான். வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத மேட்டில் குளத்தை நம்பி வாழ்கிறவனுக்கு அந்தப் பச்சையைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஏறியதைவிட இறக்கம்தான் வதை. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்புப் பாரத்தைத் தாங்க வேண்டும். அந்த வேலை சமதரையில் நடக்கிறவனுக்குப் பழக்கமே இல்லை. நோவும் அன்று வராது, அடுத்தடுத்த நாட்களில்தான் உச்சத்துக்கு வரும். ஊர் திரும்பி இரண்டாம் நாள் கிணற்றடிப் படியில் பின்பக்கமாக இறங்கியவர்கள் எங்கள் ஒழுங்கையில் பலர். போகிறவர்கள் ஒரு மாதத்துக்கு முதலே குளக்கட்டில் ஏறி இறங்கிப் பழகுங்கள், ஏறுவதைவிட இறங்குவதைக் கூடுதலாக. பௌர்ணமியையும் சனி ஞாயிறையும் தவிருங்கள். அந்த நாட்களில் மகாகிரிதம்பையிலேயே விடிந்துவிடும். பொலித்தீனைக் கொண்டுபோனால் திரும்பக் கொண்டுவாருங்கள், அது காப்புக்காடு. முக்கியமாக, சாரதியை மலை ஏறச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். எங்கள் சாரதித் தம்பி நல்லதண்ணியில் இரவு முழுக்க வானுக்குள் போர்த்துக்கொண்டு படுத்தார். வன்னிவரை எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த நித்திரைதான். நாங்கள் மாத்தளை தாண்டும்வரைகூடக் கண் திறக்கவில்லை, ஆச்சி மட்டும் முன் சீற்றில் அவரோடு கதைத்துக்கொண்டே வந்தார்.