பாப்பாவின் கையில் முதலில் எதைக் கொடுப்பது?

ஜூன் 2, திங்கள்

பாப்பாவுக்கு ஆறு மாதம் நிறைந்துவிட்டது. இனிப் பாலோடு இணை உணவும் தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனமும் இந்த வயதைத்தான் சொல்கிறது. ஆனால் தேதியை மட்டும் பார்த்து நாங்கள் தொடங்கவில்லை. தலை நன்றாக நின்றுவிட்டது. லேசாகப் பிடித்துக்கொண்டால் நிமிர்ந்து உட்காருகிறாள். கையில் கிடைத்ததையெல்லாம் நேராக வாய்க்குக் கொண்டுபோகிறாள். முன்பு உதட்டருகே ஸ்பூன் போனால் நாக்கு தானாக வெளியே தள்ளும். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. இவை எல்லாம் சேர்ந்து வந்தால்தான் குழந்தை தயார் என்று அர்த்தம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் எப்போது தொடங்குவது என்று மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

"பல்லே வரலையே, எப்படிம்மா மெல்லுவா?" என்று அம்மா கேட்டார். மெல்லுவதற்கு உதவும் கடைவாய்ப் பற்கள் முளைக்க எப்படியும் ஒரு வயது தாண்டிவிடும். அதுவரை எல்லாக் குழந்தைகளும் ஈறால்தான் மசித்துச் சாப்பிடுகின்றன. அவள் வாயில் விரலை வைத்துப் பார்த்தால் அந்த ஈறுக்கு எவ்வளவு பலம் என்று தெரியும்.

ஜூன் 3, செவ்வாய்

எந்தக் காய், எந்தப் பழம் என்று பட்டியல் போட உட்கார்ந்தேன். எழுத எழுத ஒன்று தெளிவானது. எந்த உணவு என்பதைவிட, அது எந்த வடிவத்தில், எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதுதான் முக்கியம். கேரட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும் ஆபத்து. அதையே ஆவியில் நன்றாக வேகவைத்தால் ஆறு மாதக் குழந்தைக்கும் கொடுக்கலாம்.

வடிவத்தைத் தீர்மானிப்பது அவளுடைய கை. இந்த வயதில் எதையும் உள்ளங்கையால் மொத்தமாகத்தான் பற்றுகிறாள். முஷ்டிக்குள் போன பண்டத்தை வெளியே எடுக்க அவளுக்கு இன்னும் தெரியாது. அதனால் துண்டு முஷ்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெரியவர் விரலின் நீளமும் பருமனும் சரியான அளவு. சின்னச் சின்னதாக நறுக்கினால்தான் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் இந்த வயதில் அப்படி இல்லை. பொடித் துண்டை அவளால் எடுக்கவும் முடியாது, கடித்துப் பழகவும் முடியாது.

மென்மைக்கு ஒரே சோதனைதான். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் எளிதாக மசிய வேண்டும். மசியாதது தட்டுக்கு வரக்கூடாது.

ஜூன் 6, வெள்ளி

சர்க்கரைவள்ளிக்கிழங்கில் தொடங்கினோம். வேகவைத்து, தோல் நீக்கி, விரல் அளவில் வெட்டியது. முதலில் பிசைந்தாள். அப்புறம் மேசையில் தேய்த்தாள். பிறகு நுனியைச் சப்பினாள். வயிற்றுக்குள் எவ்வளவு போனது என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அது பரவாயில்லை. இந்த மாதங்களில் ஊட்டத்தின் பெரும்பகுதி பாலிலிருந்தே கிடைக்கிறது. தொட்டு, முகர்ந்து, கசக்கிப் பார்ப்பதும் சாப்பிடக் கற்றுக்கொள்வதில் சேர்த்திதான்.

வாழைப்பழம் வழுக்குகிறது. உரித்த பழத்தின் நுனியில் விரலை வைத்து மெதுவாக அழுத்தினால் நீளவாக்கில் மூன்று பாகமாகத் தானே பிரியும். அந்த நீளத் துண்டை அவளால் பிடிக்க முடிந்தது. பழத்தை நன்றாகக் கழுவிவிட்டு, அடிப்பக்கம் கொஞ்சம் தோலை விட்டு வைத்தால் அதுவே கைப்பிடி ஆகிவிடும். தோலைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவகாடோவும் இப்படித்தான் நழுவும். ஓட்ஸைப் பொடித்து அதில் புரட்டிக் கொடுத்தேன், பிடி கிடைத்தது.

ஸ்பூனை ஒதுக்கவில்லை. மசித்ததை நாங்கள் ஊட்டுகிறோம், துண்டை அவளே எடுத்துச் சாப்பிடுகிறாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

ஜூன் 9, திங்கள்

மலத்தில் கறுப்பு நூல் நூலாக எதையோ பார்த்துவிட்டு என் கணவர் பூச்சி என்று பதறிவிட்டார். வாழைப்பழத்தின் நடுவில் இருக்கும் நார்தான் அது. பீட்ரூட் கொடுக்கும் நாளில் சிவப்பாகப் போகும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

இன்று பூசணித் துண்டைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே தள்ளிவிட்டாள். முகம் சிவந்தது, கண்ணில் நீர், சத்தமாக ஓங்கரித்தாள். சில நொடிகளில் துண்டு வெளியே வந்து விழுந்தது. அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள். எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது.

புதிதாக ஆரம்பிக்கும் எல்லாப் பெற்றோரும் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு. சின்னக் குழந்தைக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நாக்கின் முன்பக்கமாகவே இருக்கிறது. பெரிய துண்டு தொண்டையை எட்டுவதற்கு முன்பே அதை வெளியே தள்ளிவிடும் காவல் அது. அதில் சத்தம் இருக்கும், இருமல் இருக்கும், முகம் சிவக்கும். அந்த நேரத்தில் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக்கூடாது. துண்டு இன்னும் உள்ளே போய்விடும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் போதும்.

மூச்சடைப்பில் சத்தம் வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். அப்போது ஒரு நொடிகூட யோசிக்கக்கூடாது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை உடம்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி தாங்கிக்கொண்டு, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளியே வராவிட்டால் மல்லாத்திப் பிடித்து மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு விலகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கூடவே இன்னொருவர் அவசர உதவியை அழைக்க வேண்டும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் வயிற்றில் அழுத்துவது இந்த வயதில் கூடவே கூடாது. எழுதி வைத்தால் மட்டும் போதாது. முதலுதவிப் பயிற்சியில் பொம்மையை வைத்து நேரில் செய்து பழக வேண்டும். நானும் அவரும் போய்வந்தோம். அம்மாவையும் கூட்டிப்போகப் போகிறேன், ஏனென்றால் பகலில் பாப்பாவோடு இருப்பவர் அவர்தான்.

தானே எடுத்துச் சாப்பிடும் குழந்தைக்கு ஆபத்து அதிகமா என்று நியூசிலாந்தில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2016இல் வந்தது. எவையெல்லாம் அடைக்கக்கூடியவை என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்திருந்த அந்தக் குழுவில் மூச்சடைப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக இல்லை. இங்கே "சொல்லிக்கொடுத்திருந்த" என்பதை நான் அடிக்கோடிட்டுப் படிக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

காயும் பழமும் நன்றாகப் பழகிவிட்டாள். ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால் இரும்புச்சத்து போதாது. பிறக்கும்போது உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இருப்பு ஆறு மாத வாக்கில் குறைந்துவிடுகிறது, தாய்ப்பாலில் இருப்பதும் கொஞ்சம்தான். அமெரிக்கப் பரிந்துரைப்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. வளர்ந்த ஆணுக்கே 8தான்! இதைப் படித்ததிலிருந்து ஒவ்வொரு வேளையும் தட்டில் இரும்புச்சத்துள்ள ஏதாவது ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். பருப்பைக் குழைய வேகவைத்து, கெட்டியாக மசித்து, விரல் நீளத்துக்கு உருட்டிக் கொடுத்தால் பிடித்துச் சாப்பிடுகிறாள். கூடவே தோல் உரித்த ஆரஞ்சுச் சுளையோ வெந்த தக்காளியோ இருக்கும். அவற்றிலுள்ள வைட்டமின் சி, பருப்பின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும்.

ஜூலை 8, செவ்வாய்

முட்டை கொடுத்தாயிற்று. மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து அடித்து, முழுக்க வேகும்வரை சுட்டு, நீள நீளமாக வெட்டினேன். ஒவ்வாமை வரக்கூடிய உணவுகளைக் காலையில், நாள் முழுக்க வீட்டில் இருக்கும் நாளில், ஒரு தடவைக்கு ஒன்றாக, கொஞ்சமாகத் தொடங்குகிறேன். தடிப்போ உதட்டு வீக்கமோ தொடர் வாந்தியோ வந்தால் கவனிக்கப் பகல் நேரம் வேண்டும். மூச்சு விடச் சிரமப்பட்டால் உடனே அவசர சிகிச்சைதான்.

அடுத்தது வேர்க்கடலை. இதைத் தள்ளிப்போடுவதே நல்லது என்று முன்பு சொல்லிவந்தார்கள். 2015இல் வெளியான லீப் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. கடுமையான எக்ஸிமாவோ (தோல் அழற்சி) முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளில் ஒரு பாதிக்கு வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள், மறுபாதிக்குத் தவிர்த்தார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது தவிர்த்தவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது. சாப்பிட்டவர்களில் சுமார் 3 சதவீதம்தான். பாப்பாவுக்கு எக்ஸிமா இல்லை. இருந்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கியிருக்க மாட்டேன்.

கடலையை முழுசாகவோ உடைத்தோ கொடுக்கவே கூடாது. கடலை வெண்ணெயைக் கட்டியாகக் கொடுத்தாலும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் நீர்க்கக் கரைத்து, ஆறவைத்து, ஆப்பிள் கூழில் கலந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

வீடு நிறைய விருந்தாளிகள். அண்ணன் மகன் ஆசையாக ஒரு திராட்சையைப் பாப்பா கையில் வைத்தான். வாய்க்குப் போகும் முன் வாங்கிவிட்டேன். பிறகு அவனை உட்காரவைத்து, அதையே நீளவாக்கில் நான்காக வெட்டிக் காட்டினேன். "இனிமே இப்படித்தான் கொடுப்பேன் அத்தை" என்றான். உருண்டையாக, வழவழப்பாக இருக்கும் எதுவும் சின்ன மூச்சுக்குழாயை மூடிபோல் அடைத்துவிடும். இதை அவன் எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டான்!

பாப்கார்ன், முந்திரி பாதாம் போன்ற முழுப் பருப்பு வகைகள், கடினமான மிட்டாய், வேகவைக்காத ஆப்பிள் துண்டு, வட்ட வட்டமாக வெட்டிய சாசேஜ் எதுவும் அவள் பக்கம் வரக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆப்பிளை வேகவைத்தால் கொடுக்கலாம். மிருதுவான வெள்ளை ரொட்டிகூட வாயில் பசைபோல் உருண்டுவிடும், லேசாக வாட்டிய ரொட்டி மேல். தேன் ஒரு வயதுவரை ஒரு சொட்டுகூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் கிருமியின் வித்துகளைச் சமாளிக்கும் நிலையில் சிசுவின் குடல் இருக்காது. பெரியவர்கள் சிலருக்கு இது மனக்குறைதான். ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தரையில் கிடந்த ஒரு நூலைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளி எடுத்தாள்! ஒன்பது மாதத்தை நெருங்கும்போது வரும் பிடி இது. இனி வெட்டும் அளவை மாற்றலாம். நீளத் துண்டுகளோடு, வெந்து மசியும் சின்னத் துண்டுகளும் வைக்கிறேன். பச்சைப் பட்டாணியை லேசாக நசுக்கித் தட்டையாக்கிக் கொடுத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறாள். கூழிலேயே நிறுத்திவைக்காமல், கட்டியும் திட்டுமாக இருக்கும் உணவுக்குப் பத்து மாதத்துக்குள் பழக்கிவிடுவது நல்லது. அதற்குமேல் தள்ளிப்போனால் பின்னால் சாப்பாட்டில் சிரமம் வரக்கூடும்.

ப்ரோக்கோலியை மட்டும் இன்னும் முகம் சுளித்துத் துப்புகிறாள். துப்பட்டும். ஒரு புது ருசி பழக எட்டு, பத்து தடவை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். கட்டாயப்படுத்தாமல், அவளுக்குப் பிடித்ததன் பக்கத்தில் ஒரு துண்டை வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இப்போது அவளுக்கென்று தனிச் சமையல் குறைந்துவிட்டது. எங்களுக்கு வேகும் காயிலேயே உப்பு போடுவதற்கு முன்பு அவள் பங்கை எடுத்துவிடுகிறேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கால் ஊன்ற ஒரு பலகையும் வைத்து, எங்களோடுதான் சாப்பிடுகிறாள். காரில் போகும்போதும் தவழும்போதும் தின்ன எதுவும் தருவதில்லை. சாப்பிடும் நேரம் முழுக்க யாராவது ஒருவர் எதிரிலேயே இருக்கிறோம்.

இன்று தலையைத் திருப்பிக்கொண்டதும் தட்டை எடுத்துவிட்டேன். "இன்னும் ரெண்டு வாய் கொடுத்துப் பாரேன்" என்றார் அம்மா. போதும் என்று அவள் சொன்ன பிறகு வேண்டாம் என்றேன், அவரும் விட்டுவிட்டார். நாளைக்குக் கோழிக்கறியைக் குழைய வேகவைத்து நார் நாராகப் பிய்த்துக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.